ஊதின வயிற்றோடே

அன்று காலை ஸாஜித் எடுத்த வாந்தி பச்சையாக இருந்தது. பால் வாந்தி என்றால் ஸரீனா துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். இது முருங்கையிலையை அரைத்துக் கரைத்ததுபோல் இருந்தது. துணியைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள்.

ஸாஜித் அவளுடைய தலைப்பிள்ளை, பிறந்து இரண்டு மாதம். கையும் காலும் ஈர்க்குச்சியாகக் கிடக்க, வயிறு மட்டும் இறுகிப் பளபளத்தது. விரலால் சுண்டினால் றபான் மேளத்தைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

எருக்கலம்பிட்டியில் அந்தத் தெருவில் கைப்பிள்ளைக்கு வெளிக்குப் போகாவிட்டால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. ஸரீனா ராத்தா என்று கூப்பிடும் அவளுடைய மூத்த சகோதரியிடம்தான் ஓடுவார்கள்; சித்தி மரியம் என்பது அவள் பெயர். வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, ஆமணக்கெண்ணெயில் தோய்த்து, பிள்ளையின் பின்பக்கத்தில் மெல்ல வைத்துத் திருப்புவாள். வைத்த கையோடு பிள்ளை வெளிக்குப் போய்விடும். வயிறு இறங்கும், பிள்ளை உறங்கும். அவள் கை படாத குண்டி இந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை என்று ஸரீனாவின் கணவன் முனவ்வர் பகிடி விடுவான்.

தெருவில் மற்றப் பிள்ளைகளுக்கு எப்போதாவது வைத்த காம்பு, ஸாஜித்துக்கு அன்றாடம் ஆகிவிட்டது. வைத்தால் போவான், வைக்காவிட்டால் போகமாட்டான். இதிலிருந்து மனிதருக்கு என்ன விளங்க வேண்டும்? பிள்ளைக்கு உள்ளே ஏதோ கோளாறு என்று விளங்க வேண்டும். இவர்களுக்கு விளங்கியதோ, ராத்தாவின் காம்பு கைகண்ட மருந்து என்பதுதான்.

டொக்டரிடம் காட்டாமலும் இல்லை. பட்டினத்தில் ஒரு டிஸ்பென்சரிக்கு இரண்டு தரம் கொண்டுபோனார்கள். கொண்டுபோன விதத்தில்தான் பிழை. பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோவதென்றால் நம் ஆட்களுக்குக் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோவது மாதிரி. குளிக்க வார்த்து, பவுடர் போட்டு, பெருநாள் சட்டையை மாட்டி, பார்க்கிற கண்ணுக்கு லட்சணமாகத்தான் நீட்ட வேண்டும். வீறிட்டு அழுகிற பிள்ளையை நீட்டினால் உம்மாவுக்குக் கூடாப் பேர். அதனால் இரண்டு தரமும் புறப்பட முன் சித்தி மரியம் காம்பு வைத்தாள். பாதையில் பிள்ளை அந்தரப்படக் கூடாது என்ற இரக்கம்தான்.

தட்டை வயிற்றோடு சிரித்துக்கொண்டு போன பிள்ளையை டொக்டர் அமுக்கிப் பார்த்தார். "எங்கயம்மா ஊதியிருக்கு?" என்று கேட்டார். முதல் பிள்ளையென்றால் எல்லாமே பயமாகத்தான் தெரியும் என்று சொல்லி, காற்றுக்கு ஒரு பாணி மருந்து தந்தார். ஸரீனா வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். காம்பைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை. பவுடர் போட்டோம் என்று யாராவது டொக்டரிடம் சொல்வார்களா? அதுபோலத்தான் இதுவும்.

பச்சை வாந்தியைக் கண்டதும் முனவ்வர் வாசலில் நின்ற தன் ஓட்டோவைத் திருப்பினான். அதற்குள் சித்தி மரியம் எண்ணெய்ச் சிரட்டையும் வெற்றிலையுமாக வந்துவிட்டாள்.

"அல்லாஹ்வே, இதென்ன கல்லு மாதிரி! பிள்ளையப் பிடி. காலைத் தூக்கு."

ஸரீனா தூக்கினாள். கை பழகியிருந்தது. பிடித்த காலில் நெருப்பாய்ச் சூடு. 'எங்கயம்மா ஊதியிருக்கு?' என்ற அந்தக் கேள்வி அப்போதுதான் அவள் மண்டையில் அடித்தது. அந்த டிஸ்பென்சரி டொக்டர் இந்த வயிற்றை ஒருநாளும் கண்டதே இல்லை. இவர்கள் காட்டினால்தானே காண்பதற்கு!

"வேண்டாம் ராத்தா," என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"காம்பு வைக்காதீங்கோ. இப்பிடியே கொண்டு போறன். இந்த வயித்தை அவங்கள் பாக்கட்டும்."

"உனக்கென்ன விசரா? பிள்ளை துடிக்குது. வச்சவுடன இறங்கிடும்."

"இறங்கினா திரும்பவும் வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள்."

"பெத்த பிள்ளை கதறக் கதற இப்பிடியே தூக்கிக்கொண்டு போகப்போறியா? நீயெல்லாம் ஒரு உம்மாவா?"

அதையேதான் ஸரீனாவும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். சித்தி மரியம் விடுவாளா? காம்பை முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டு அவளும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

இந்த முறை டிஸ்பென்சரி இல்லை, நேரே பெரியாஸ்பத்திரி. பாதையெல்லாம் ஸாஜித் கத்தினான். முதுகை வில்லாய் வளைத்துக் கத்தினான். நடு வீதியில் கழுதைகள் கூட்டமாக நின்றன. முனவ்வர் ஹோனை அடித்து அடித்துப் பார்த்தான், அவை காதைக்கூட ஆட்டவில்லை. இறங்கிக் கையைத் தட்டி விரட்டிவிட்டுத் திரும்பி வந்தவன், பிள்ளையைப் பார்த்ததும் கலங்கிப்போனான்.

"ஸரீனா, ராத்தா சொல்றது போல கொஞ்சம் இறக்கிப்போட்டுப் போவமா? என்னால பாக்க ஏலாமக் கிடக்கு."

"நீங்கள் ஓட்டோவ எடுங்கோ. இல்லாட்டி நான் இறங்கி நடந்து போறன்."

அவள் சத்தம் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கொஞ்சத் தூரம் போனதும் பிள்ளையின் அழுகை நின்றது. கத்தும்போது அது நின்றால் போதும் என்றிருந்தது. நின்றபின், இன்னும் ஒருக்கால் கத்தமாட்டானா என்றிருந்தது. கண் பாதி மூடி, உதடு வெளுத்து, மூச்சு மட்டும் குறுக்கிக் குறுக்கி வந்தது. சித்தி மரியம், சாகக் கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாஸீனை ஓதத் தொடங்கினாள். தன் பிடிவாதமே பிள்ளைக்கு எமனாகப் போகிறதோ என்ற பயத்தில் ஸரீனாவின் கை, ராத்தாவின் முக்காட்டில் காம்பு இருந்த முடிச்சை நோக்கிப் போனது. போன கையை இழுத்துத் தன் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சுபத்திரா துணியை விலக்கினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சேலைன் ஏற்றச் சொன்னார், மூக்கால் குழாய் விடச் சொன்னார். கையுறையில் எண்ணெய்ப் பசை தடவி, சுண்டுவிரலைப் பிள்ளையின் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்து மெல்ல எடுத்தார். எடுத்ததும் காற்றும் கழிச்சலுமாகக் குபீரென்று அவர் அங்கியெல்லாம் பாய்ந்தது. அழுகல் மணம் அறை முழுக்க நின்றது.

"பாத்தியா? இதைத்தானே நான் வீட்டிலேயே செய்யிறன் எண்டனான்!" என்று சித்தி மரியம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

டொக்டர் திரும்பினார். "என்ன செய்யிறனீங்கள்?"

ஸரீனா சொன்னாள். காம்பு, எண்ணெய், ஒவ்வொரு நாளும், டிஸ்பென்சரிக்குப் போன நாள்களிலும். ஒன்றையும் விடவில்லை.

"பிறந்த உடன போற கறுப்பு மலம் எப்ப போனது?"

"வீட்டுக்கு வந்தாப் பிறகுதான் மிஸ். அதையும் ராத்தாதான் காம்பு வச்சு எடுத்தவ."

டொக்டர் தலையாட்டினார். ஏசுவார் என்று பார்த்தால் ஏசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருவரையும் இருக்கச் சொன்னார்.

"குடல் தானா அசையிறதுக்கு அதுக்குள்ளயே நரம்பு இருக்கு. பிள்ளை வயித்துக்குள்ள உருவாகேக்க அந்த நரம்பு மேலயிருந்து கீழ வரைக்கும் இறங்கி வரும். சில பிள்ளையளுக்குக் கடைசித் துண்டுக்கு வந்து சேராது. அந்தத் துண்டுக்கு விரியத் தெரியாது, எந்த நேரமும் இறுக்கிக்கொண்டு நிக்கும். இவருக்கும் அதுவாத்தான் இருக்கும் போல. இப்ப மேல் குடலில கிருமியும் ஏறிட்டுது. உடன யாழ்ப்பாணம் அனுப்ப வேணும்."

"நாங்கள் காம்பு வச்சதாலயா மிஸ்?" என்று ஸரீனா கேட்டாள்.

"காம்பால வந்த வருத்தம் இல்ல, அம்மா, இது பிறவியிலேயே உள்ள நோய். ஒவ்வொரு நாளும் திறந்து விட்டபடியாத்தான் பிள்ளை இவ்வளவு நாள் தாங்கினது. அதாலேயே வருத்தம் வெளியில தெரியாமலும் போனது. இண்டைக்கும் வச்சுக்கொண்டு வந்திருந்தால் எனக்கும் தெரிஞ்சிருக்குமோ, சொல்லேலாது."

அம்புலன்ஸில் தாயை மட்டும் ஏற்றினார்கள். தள்ளாடி, பாப்பாமோட்டை என்று ஊர்கள் கடந்து போயின, ஸரீனா ஒன்றையும் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதைத் தவிர அவளுக்கு அன்று உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அது நின்றுவிட்டதென்று பதறினாள்.

முனவ்வரும் சித்தி மரியமும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பிள்ளை ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போயிருந்தது. மலம் போக வயிற்றில் ஒரு வழி திறந்து விடுவார்கள், பிள்ளை தேறி வளர்ந்த பிறகு நரம்பில்லாத துண்டை வெட்டி எடுத்துப் பொருத்துவார்கள் என்று ஸரீனா சொன்னாள். முனவ்வர் தொழ இடம் தேடிப் போனான். சகோதரிகள் இருவரும் வாங்குப் பலகையில் இருந்தார்கள். ஊருக்கே தைரியம் சொல்கிற சித்தி மரியம் முக்காட்டு முடிச்சை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள்.

"பிள்ளை தாங்கினதும் என்ட கையாலதான் எண்டு அந்த டொக்டர் சொன்னவதானே?"

"ஓம் ராத்தா."

"அப்ப நான் கெடுதல் செய்யேல்ல."

இல்லை, செய்யவில்லை என்று ஆறுதல் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஸரீனாவுக்குக் கோபம் வந்தது. ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது.

"மறைஞ்சதும் அதாலதான், ராத்தா. நீங்கள் வச்சீங்கள், நான் காலைப் பிடிச்சுத் தந்தனான். ரெண்டு பேரும் சேந்துதான்."

சித்தி மரியம் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஸரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்பட்டது.

பொழுது சாயக் கதவு திறந்து ஒரு தாதி எட்டிப் பார்த்தாள்.

"ஸாஜித்தின்ர அம்மா ஆர்?"

ஸரீனா எழும்பப் பார்த்தாள். சித்தி மரியம்தான் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நடத்திக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே சத்தம் கேட்டது. வறண்ட தொண்டையில் விட்டு விட்டு ஓர் அழுகை. ஸரீனா தாதியின் கையைப் பிடித்தாள்.

"நோகுதா மிஸ்? என்ன செய்யுது அவருக்கு?"

"நோவுக்கு மருந்து போகுது. இது பசி, அம்மா. வாயைத் திறந்து திறந்து தேடுறார், பாருங்கோ. ஆனா இண்டைக்குப் பால் குடுக்க ஏலாது."

ஸரீனா பார்த்தாள். வயிற்றில் கட்டும் பையுமாக, கண்ணை மூடிக்கொண்டு, ஸாஜித் வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தான். பெற்ற நாளிலிருந்து அவள் இந்தப் பிள்ளைக்குப் பாலைக் கெஞ்சிக் கெஞ்சித்தான் கொடுத்திருக்கிறாள். பசி என்று அவன் ஒருநாளும் அழுததில்லை. பால் சுரந்து அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்துகொண்டு வந்தது.

"கொஞ்சத்துக்கு அழுவார், பயப்பிடாதையுங்கோ," என்றாள் தாதி.

"அழட்டும் மிஸ்," என்றாள் ஸரீனா. "அழட்டும்."