தரை சார்

விமானப் பயிற்சியாளர் கட்டிலைவிட்டு இறங்கும்போதெல்லாம் தரை ஒரு சாண் மேலே எழும்பி அவர் பாதத்தில் அறையும். விசாரணை முடிந்த மறுநாள் காலையில் இது தொடங்கியது. அன்று லேசான மேகமூட்டமும் இருந்தது.

அதற்கு முந்தைய மாதம் அவர் இறக்கிய சின்ன விமானம் செங்கல் மூட்டைபோல் ஓடுபாதையில் விழுந்தது. அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மாணவன் முதுகெலும்பு நொறுங்கிச் செத்துப்போனான். அவனுக்கென்று இருந்தவள் ஒரு அக்காதான், தையற்காரி. கால் மிஷினை மிதித்து மிதித்தே தம்பியைப் பறக்கப் படிக்கவைத்தவள். விசாரணையில் பயிற்சியாளர், "நான் சரியாத்தான் இறக்கினேன். தரைதான் மேல வந்துடுச்சு" என்றார். அனுபவசாலி சொல்கிறாரே என்று அதிகாரிகள் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து தையற்காரி எழுந்தாள்.

"மேல வந்துச்சா? வரட்டும் சார். இனிமே உங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கட்டும்."

தரை அதைக் காதில் போட்டுக்கொண்டது. பேருந்துப் படி, நடைபாதை விளிம்பு, குளியலறை வாசல் என்று எங்கே இறங்கினாலும் அறைந்தது. ஏறும்போது மட்டும் சாதுவாகக் கிடந்தது. முதல் வருடம் முழங்கால்கள் போயின, அடுத்த வருடம் கடைவாய்ப் பற்கள். நகராட்சி ஆட்கள் மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டு, தரையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். ஊர் அவருக்குத் தரை சார் என்று பெயர் வைத்தது. தையற்காரி கீழ்த்தள வீட்டைக் காலிசெய்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடிக்குக் குடிபோனாள். கேட்டவர்களிடம், காற்று நன்றாக வருகிறது என்றாள்.

சில வருடங்கள் கழித்து அவர் படியேறி வந்தார். அவள் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"தப்பு என் கையிலதாம்மா. 'மேல ஏத்துங்க சார்'னு அவன் கத்தினான். நான் கேக்கல."

"இதைத்தானே அன்னிக்கே சொல்லியிருக்கணும்? அந்த அதிகாரிங்ககிட்ட வந்து சொல்லிடுங்க."

"நாப்பது வருஷப் பேரும்மா. போயிடும். நீ ஒரு வார்த்தை சொன்னா இது நின்னுடாதா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்போ பார்த்து இறங்குங்க சார்."

முதல் படியில் கட்டடம் அதிர்ந்தது. இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியார் செய்தித்தாளிலிருந்து தலைதூக்காமல், மேசை ஓரத்துக் கண்ணாடித் தம்ளரை உள்ளே தள்ளிவைத்தார். "மெதுவா இறங்கச் சொல்லுடி, சுண்ணாம்பு உதிருது" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார். மேலே தையற்காரி கதவைச் சாத்தவில்லை. கடைசிப் படிவரை கேட்டுவிட்டுத்தான் மிஷினை மிதித்தாள்.