கூண்டுக்குள் ஓடிய முயல்கள்

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் முயல் வளர்த்தார்கள். தம்பி கறிக்கடை வைத்திருந்தான். வாரத்துக்குப் பதினைந்து முயல்கள் அவர்கள் கொட்டகையிலிருந்து அவன் கடைக்குப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை தம்பி போன் செய்தான்.

"அக்கா, முயலைத் தரையில அவிழ்த்து விட்டிருக்கியா?"

"இல்லையே, எல்லாம் கூண்டுலதான் இருக்கு. ஏன்டா?"

"நேர்ல வந்து பாரு."

கடையில் அவன் இரண்டு பின்னந்தொடைகளை எடுத்து வைத்தான். ஒன்று வெளுத்து, தொட்டால் அமுங்கியது. கூண்டு முயலின் கறி அப்படித்தான் இருக்கும். மற்றது சிவந்து இறுகியிருந்தது. அதன் எலும்பை அவள் கையில் வைத்தான்.

"கூண்டு முயலோட எலும்பு குச்சி மாதிரி பட்டுனு ஒடியும். இதை ஒடிக்கிறதுக்குள்ள என் மணிக்கட்டு போச்சு. இது ஓடின முயல்க்கா. நல்லா ஓடின முயல்."

தனியே வெட்டி வைத்திருந்த அதன் தலையை எடுத்து, காதில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தாள். மூன்றாம் வரிசை.

அந்தக் கூண்டில் ஓட வழியே இல்லை. நீளம் இரண்டு முழம்; காதை நிமிர்த்தினால் மேல் கம்பியில் இடிக்கும். புழுக்கை கீழே விழுவதற்காகத் தரையும் கம்பிவலைதான். அதில் நின்றே புண்ணாகிப்போன பாதங்களுக்கு அவள்தான் மருந்து தடவுவாள்.

"ஓடின முயலா?" அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்தார். "இந்த வீட்ல நானே ஓடி முப்பது வருஷமாச்சு."

மறுநாள் மதியம் தீவனம் போட்டுவிட்டு அவள் கொட்டகையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு எல்லா முயலும் அடங்கின. கொஞ்ச நேரத்தில் கம்பி லேசாக அதிரும் சத்தம் கேட்டது.

மூன்றாம் வரிசையின் இருபது முயல்களும் ஒருக்களித்துப் படுத்துக் காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. கண்கள் திறந்திருந்தாலும் எதையும் பார்க்கவில்லை. கூண்டுக்குக் கூண்டு தகரத் தடுப்பு. ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. ஆனாலும் இருபதின் கால்களும் ஒரே சீராக அடித்தன. திடீரென்று இருபதும் ஒரே நொடியில் இடப்பக்கம் வளைந்தன. எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல. பிறகு மறுபடி நேராக ஓட்டம்.

அவள் ஒன்றின்மேல் கை வைத்தாள். உடம்பு கொதித்தது.

"என்னங்க! இங்க வாங்களேன்!"

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "இதுங்களைக் கீழே இறக்கிடலாம்" என்றார் மெதுவாக.

பாதிக் கொட்டகையைக் காலி செய்து, மண் பரப்பி, வைக்கோல் போட்டு, இருபதையும் விட்டார்கள். இரண்டு நாள் அவை விட்ட இடத்திலேயே குறுகி உட்கார்ந்திருந்தன. சுற்றிலும் இன்னும் கம்பி இருப்பதுபோல. மூன்றாம் நாள் ஒன்று ஓடியது. பிறகு எல்லாம் ஓடின. தூக்கத்தில் உதைப்பது நின்றது, பாதப்புண் ஆறியது. மற்ற வரிசைகளையும் இறக்கினார்கள்.

தம்பி கடைக்கு இப்போது போவதெல்லாம் சிவந்த கறிதான். "கொஞ்சம் மெல்லணும், ஆனா ருசியே வேற" என்று வாங்குகிறவர்கள் சொன்னார்களாம்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. ஓடுகிற முயல் எதுவாக இருந்தாலும் கொட்டகையின் நடுவே வந்ததும் இடப்பக்கம் வளைந்து போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. தரையிலேயே பிறந்த குட்டிகளும் அப்படித்தான் வளைந்தன. சுற்றிலும் வைக்கோல் மிதிபட்டுக் கறுத்திருக்க, நடுவில் ஒரு முழ அகலம் போட்டது போட்டபடி மஞ்சளாகக் கிடந்தது. அங்கே தீவனத் தட்டை வைத்துப் பார்த்தாள். பசியோடு தட்டைச் சுற்றி நின்றனவே தவிர, ஒன்றும் வாய் வைக்கவில்லை. வீட்டுக்காரர் முழங்கால் ஆழம் தோண்டினார். மண்தான் வந்தது. மூடிவிட்டார்.

போன மாதம் முயல் ஏற்ற வந்த தம்பி கொட்டகை வாசலில் நின்றான். அவள் தண்ணீர் வாளியோடு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தாள்.

"ஏன்க்கா வளைஞ்சு வர்ற? நேரா வந்தா என்ன?"

அவள் நின்றாள். தான் வளைந்தது அப்போதுதான் தெரிந்தது.

"கொடு, நான் தூக்குறேன்" என்று அவன் குறுக்கே நேராக நடந்தான். ஓடிக்கொண்டிருந்த முயல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன.

"டேய், நில்லு!"

அந்த மஞ்சள் வைக்கோலில் வைக்கத் தூக்கிய காலை அவன் அப்படியே பின்னால் வைத்தான். முகம் வெளுத்திருந்தது. இடப்பக்கமாகச் சுற்றி வந்து வாளியை வாங்கிக்கொண்டான்.