வியாழக்கிழமைப் பொட்டலம்

நகராட்சி ஊழியர் வீரையா தரையெல்லாம் குனிந்து குனிந்து தேடிவிட்டார். போடி கடைவீதியில், யூனுஸ் பாய் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் மூன்று மணிக்கு வைத்த எலிமருந்துப் பொட்டலத்தை ஐந்தரைக்குக் காணோம்.

நகராட்சியில் சொல்லி அனுப்பியது என்னவோ சாக்கடையோரத்து வளைக்குள் வைக்கத்தான். காலையில் அடித்த மழையில் வளையெல்லாம் தண்ணீர். நின்று யோசிக்கிற ஆளா நம் வீரையா? பொரிகடலை மாவில் பிசைந்த மருந்தை நனையாமல் காகிதத்தில் மடித்து, கடைவாசல்களில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அன்று வியாழக்கிழமை என்பது மண்டையில் ஏறவில்லை.

வியாழன்தோறும் பாய் பாத்தியா ஓதி, சர்க்கரையும் பொரிகடலையும் காகிதத்தில் மடித்து வாசலில் தட்டில் வைப்பார். அங்கே ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் வேலை முடிந்து போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள்.

"பாய், கடைசியா போனது யாரு?"

"மாயக்கா. தட்டு காலியாயிருச்சுன்னு கீழ கெடந்ததை எடுத்துக்கிருச்சு, மகளுக்குன்னு. ஏன்யா இப்படி வேர்க்குது ஒனக்கு?"

வீரையா சொல்லி முடிக்கவில்லை, பாயின் முகம் வெளுத்துப்போனது. "அட பாவி மனுசா! ஏறு வண்டியில!"

மாயக்காள் ஊருக்குப் போகும் குரங்கணி ஜீப்பு புறப்பட்டு அரை மணியாகிவிட்டது. மாயக்காளின் போன் கிடைக்கவில்லை, மலைமேல் சிக்னல் கிடையாது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு, "வெரசா போங்க பாய், வெரசா" என்று வீரையா பின்னாலிருந்து புலம்பிக்கொண்டே வந்தார். அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் எந்த மூஞ்சியோடு ஊருக்குள் நடப்பது?

குரங்கணியில் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாயக்காள் தன் மகள் அனுப்பிரியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"பொட்டலம் எங்க தாயி?"

"சாமி படத்துக்கிட்ட இருக்குண்ணே. ஓதுன பொருளாச்சே, வெளக்கேத்தாம எப்படி வாயில வைக்கிறது?"

வீரையா பாய்ந்துபோய் அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி ஓவென்று அழுதார்.

மாயக்காள் மகளை இழுத்து இறுக்கிக்கொண்டாள். "நாசமாப் போக! இதுக்காடா ஒங்களுக்கு நகராட்சி?" என்று கத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, குரல் இறங்கியது.

"எத்தனை பொட்டலம்ணே வச்சீக?"

"முப்பது."

"எங்கிட்டு?"

"கடைவீதி பூராவும்."

"அங்க பாய்மாரு கடை அத்தனையிலயும் இன்னைக்குப் பொட்டலம் குடுப்பாகளேண்ணே."

வீரையாவின் அழுகை நின்றுபோனது. பாய் வண்டியைத் திருப்பினார். இனி மலை இறங்கவேண்டும். கீழே போடியில் கடைகளை அடைத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட பொட்டலத்தோடு ஜனங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம்.