டிஸ்க் அடுத்த மாசம்

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை அவள் குளியலறையில் இருந்த வாஷிங் மெஷினுக்குள் திணித்து, மேலே இரண்டு அழுக்குத் துணிகளைப் போட்டு மூடினாள். பைக்குள் தம்பியின் சட்டை இருந்தது. சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள். அதை எழுதியவள் அவள்தான்.

கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பியின் உடலைப் பதினோரு மணிக்குக் கொண்டுவருவார்களாம். மூடியை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். துக்கத்தைவிடப் பயம்தான் முன்னால் நிற்கிறது என்று தெரிந்தபோது தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

பிஸ்கட் கம்பெனியில் கொள்முதல் பிரிவு அவளுக்கு. பத்து ரூபாய் சாமானுக்கும் மூன்று இடத்தில் விலை கேட்கிறவள். பழைய பைக்கின் எஞ்சினைப் பெரிதுபண்ண வேண்டும் என்று தம்பி ஆரம்பித்தபோது, "உன்னை விட்டா கடையையே வாங்கிட்டு வருவ, குடு இங்க" என்று பேனாவைப் பிடுங்கினாள். பெரிய பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்த கிட், கேம் ஷாஃப்ட், கார்புரேட்டர், சைலன்சர், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், கூலி. ஆறு வரி. மொத்தம் நாற்பத்தேழாயிரத்து இருநூறு. அவன் சேர்த்து வைத்திருந்தது முப்பத்தெட்டாயிரம். குறைந்த தொகை சரியாக டிஸ்க்கின் விலை.

"கிட் ஒண்ணாம் தேதி விலை ஏறுது. டிஸ்க் எப்பவும் ஒரே விலைதான். ஏறுறத முதல்ல வாங்கணும், ஏறாதத அப்புறம் வாங்கிக்கலாம்" என்றாள். ஆபீஸில் பத்து வருஷமாக அவள் நடத்திவரும் கணக்கு அது. மைதாவுக்கும் சர்க்கரைக்கும் அது நல்ல கணக்குதான்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். ஊரே அவனைக் கிரீஸ் என்றுதான் கூப்பிடும். "அக்கா, ஓடறதுக்கு முன்னாடி நிக்கறதப் பாக்கணும். இந்தப் பழைய டிரம் பிரேக் அந்த வேகத்துக்குத் தாங்காது."

"ஒரு மாசம்தானே. மெதுவா ஓட்டுவான்."

தம்பி சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கி, ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் கோழிக் கிறுக்கலாக எழுதினான்: டிஸ்க் அடுத்த மாசம், மேலிடத்து உத்தரவு. வீட்டில் அவன் அவளுக்கு வைத்திருந்த பெயர் மேலிடம்.

நேற்று மாலை பாலத்துச் சரிவில் வண்டி நிற்கவில்லை. கீழே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

"அந்தப் பை எங்கம்மா?" அப்பா குளியலறை வாசலுக்கே வந்துவிட்டார். "அவன் வாட்ச் அதுல இருக்கும்."

"நான் பாக்கலப்பா."

வாய் தானாகச் சொன்னது. அப்பா திரும்பிப் போனார். அடுத்த நிமிஷம் சித்தி ஈரத் துண்டோடு வந்து மெஷின் மூடியில் கை வைத்தாள். "ரிப்பேர் சித்தி, தொடாதீங்க" என்று துண்டைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். சித்தி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கிரீஸ் வந்தான். கேட்டுக்கு உள்ளே வரத் தயங்கி நின்றவனைச் சித்தப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எஞ்சினப் பெருசு பண்ணத் தெரிஞ்சுதுல்ல? பிரேக்கப் பாத்தியாடா?"

கிரீஸ் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"தப்புதாங்க" என்றான் அவன். "வண்டிய வெளிய விட்டிருக்கக் கூடாது."

"இரு, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வரேன். நீ இனிமே கடை தெறக்கறதப் பாக்கறேன்."

அப்பா தடுப்பார் என்று நினைத்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "எழுதிக் குடு" என்றார். கிரீஸ் கசங்கிய சட்டையைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றான். அந்தக் கடையைத் திறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் நாள் தம்பிதான் பெயர்ப் பலகையை மாட்டிக் கொடுத்தான்.

அவள் மெஷின் முன்னால் வந்து நின்றாள். ஒரு பட்டன்தான். அமுக்கினால் அரைமணி நேரத்தில் தாள் கூழாகிவிடும். கிரீஸ் வாயைத் திறக்கப் போவதில்லை. அப்பாவுக்கு ஆயுசுக்கும் தெரியாது. விரலைப் பட்டன்மேல் வைத்தாள். விரல் சில்லென்றிருந்தது.

வாசலில் சித்தப்பாவின் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

துணிகளை அள்ளித் தரையில் போட்டாள். பையைப் பிரித்துத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சித்தப்பா, போகாதீங்க."

சித்தப்பா வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அதற்குள் அவள் தாளை அப்பாவின் கையில் வைத்துவிட்டிருந்தாள். ஒரு மூலையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"இது என் எழுத்துப்பா. கிரீஸ் அப்பவே பிரேக்க முதல்ல மாத்தச் சொன்னான். நான்தான் கேக்கல."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவளுடைய மதிப்பெண் அட்டைகளைப் படித்ததைப் போலவே, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் படித்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. மேலிடத்து உத்தரவு என்று உதடு மட்டும் அசைந்தது. அவள் அடி விழும் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இது எவ்ளோம்மா?"

"ஒம்பதாயிரத்து எரநூறு."

அப்பா தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"எங்கிட்ட இருந்துச்சே" என்றார்.

சித்தப்பா அணைக்க மறந்த ஸ்கூட்டர் வாசலில் ஓடிக்கொண்டே இருந்தது.