ஓட்டை விழாத வண்டி

ஆர்லீன் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் விழுந்து கிடந்த நேரத்தில், அவள் கணவன் மெர்வின் கடையில் ரப்பர் குமிழ் வாங்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே வாங்கியதைவிடப் பெரிய குமிழ். அழுத்தினால் எந்தக் கண்ணாடியையும் உறிஞ்சி இறுகக் கவ்விக்கொள்ளுமாம்.

அரிசோனாவில் ஜூலை மாதம். இவர்கள் வண்டி நின்ற பூங்காவில் குளிர்காலத்தில், ஆட்கள் உள்ளேயே குடியிருக்கும் வீட்டு வண்டிகள் முந்நூறு நிற்கும். ஏப்ரல் பிறந்ததும் புத்தியுள்ளவர்கள் வடக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆர்லீனுக்கு மாதம் ஒருமுறை ஃபீனிக்ஸில் ஊசி போட வேண்டியிருந்ததால் இவர்கள் தங்கிவிட்டார்கள். அவளுடைய நரம்பு நோய்க்குச் சூடு ஆகாது. வண்டிக்குள் எண்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கால்கள் அவள் பேச்சைக் கேட்காது. அன்று மதியம் மூன்று மணிக்கு உள்ளே தொண்ணூற்று நான்கு. கூரைமேல் ஏசி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. கத்தியதோடு சரி.

எல்லாம் மேற்குப் பக்கத்து ஜன்னல்களால் வந்த வினை. மெர்வின் அவற்றுக்கு உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தான். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டை அதற்கப்புறம் மறித்து என்ன பயன்? வெளியே, கண்ணாடிக்கு முன்னால், நிழல் வலை கட்ட வேண்டும். பக்கத்து வண்டிக்காரி டாட்டி அப்படித்தான் செய்திருந்தாள். ஜன்னலைச் சுற்றிப் பிரஸ் பட்டன்களைத் திருகி, கறுப்பு வலையை மாட்டிவிட்டாள். அவள் வண்டிக்குள் நுழைந்தாலே உடம்பு ஆறிவிடும்.

வலை மெர்வினிடமும் இருந்தது. மே மாதமே அளவெடுத்து, ஓரம் தைத்து வைத்தாயிற்று. ஆனால் பட்டன் வைக்க வண்டியின் உடம்பில் துளை போட வேண்டுமே! பதினோரு வருடமாக இந்த வண்டியில் ஓர் ஓட்டைகூட விழுந்ததில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் அவன். பேத்தியின் படத்தையே பசை வைத்துத்தான் ஒட்டியிருந்தான். வலையை மாட்ட முதலில் காந்தம் வாங்கினான். வண்டியின் உடம்போ ஃபைபர், அதில் காந்தம் எங்கே ஒட்டும்? பிறகு டேப். வெயிலில் பசை உருகி வழிந்தது. பிறகு ரப்பர் குமிழ். நிழல் எப்போது வேண்டுமோ சரியாக அந்த இரண்டு மணிக்கு, ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று விழுந்துவிடும்.

இன்றும் விழுந்தது. ஆர்லீன் துணியை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தாள். நாலு எட்டு வைத்தாள், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் தரையில் கிடந்து கூரையையும் கணவனையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

வந்து பார்த்த மெர்வின் பதறிப்போய் டாட்டியைக் கூப்பிட்டான். இருவரும் தூக்கி உட்காரவைத்தார்கள். டாட்டி ஐஸ் பையை அவள் கழுத்தில் வைத்துவிட்டு மெர்வினைப் பார்த்தாள்.

"உன் வண்டியில ஓட்டை விழக்கூடாது. பொண்டாட்டி விழுந்தா பரவாயில்ல. அப்படித்தானே?"

"புதுக் குமிழ் வாங்கிட்டு வந்திருக்கேன் டாட்டி. இது விழாது."

"கிழிச்சே. என் டிரில் மிஷின எடுத்துட்டு வந்து இங்க வெக்கிறேன். அரை நாள் வேலை."

சொன்னபடியே மிஷினைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் இருவரும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பீன்ஸ் சாப்பிட்டார்கள்.

"நாளைக்குப் போட்டுடு மெர்வின்."

"ஓட்டை போட்டா தண்ணி இறங்கும். உள்ள இருக்கற மரம் ஊறிடும்."

"இந்த ஊர்ல தண்ணி எங்க இருக்கு?"

"ஓட்டை போட்ட வண்டிய எவன் வாங்குவான்?"

"நாம எப்ப விக்கப்போறோம்?"

அயோவாவில் இருந்த வீட்டை விற்றபோது, சாகிற வரைக்கும் இனி இதுதான் நம் வீடு என்று சொன்னவனே மெர்வின்தான்.

"நாம இல்ல," என்றான் தட்டைப் பார்த்தபடி. "நான்."

"எப்ப?"

"ஒருநாள் வரும்ல, ஆர்லீன். இதுல தனியா என்னால இருக்க முடியாது. தம்பி ஊர்ல சின்னதா ஒரு வீடு பாத்துக்கலாம்னு..."

அவளுக்குப் புரிந்தது. ஒரு நிமிடம் அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே பற்றிக்கொண்டு வந்தது. தான் போனபிறகு வண்டியை வாங்க வரப்போகிற எவனோ ஒருவனுக்காக வண்டியைக் கீறல் படாமல் காத்துக்கொண்டு, அதற்குள் தன்னை வேகவைத்துக்கொண்டிருக்கிறான்! தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விடிகாலை ஐந்து மணிக்குப் பாலைவனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த நேரத்தில் அவள் கால்கள் அவளுடையவை. மிஷினை எடுத்துக்கொண்டு வெளியே போய், மடக்குப் படியைப் போட்டு ஏறி, படுக்கையறை ஜன்னலின் கீழ் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெர்வினின் தலையணை இருந்தது.

உள்ளாடையோடு ஓடிவந்தான்.

"ஐயோ, நிறுத்து! என்ன பண்றே!"

"மூணு போட்டாச்சு."

மெர்வின் முதல் ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டான்.

"இனிமே இத யாரும் வாங்க மாட்டாங்க, ஆர்லீன்."

"வாங்க வேணாம். வரப்போறவனுக்குப் புதுசா வெச்சிருக்கியே, இருக்கறவ வேகறது தெரியலையா? நான் இன்னும் உள்ளதான் இருக்கேன், மெர்வின். செத்துப்போகல."

அவன் கண் கலங்கியிருந்தது. திரும்பி உள்ளே போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிறான், போகட்டும் என்று அவள் நாலாவது ஓட்டைக்கு இடம் பார்த்தாள்.

கால்சட்டை மாட்டிக்கொண்டு, பென்சிலும் அளவு டேப்புமாகத் திரும்பி வந்தான்.

"இறங்கு. மூணும் கோணல். குறி போடாம எவளாவது ஓட்டை போடுவாளா?"

வலையை மாட்டியபின், மதியம் மூன்று மணிக்கு உள்ளே எண்பத்திரண்டு. ஆர்லீன் எழுந்து, எதையும் பிடிக்காமல் குளியலறைக்குப் போய்விட்டு, திரும்பி நடந்து வந்தாள். திறந்த கதவருகே, வெயிலில், மெர்வின் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"முப்பத்தாறு ஓட்டை," என்றான்.

"எண்ணினது போதும். உள்ள வந்து கதவ சாத்து, சூடு வருது."