டச்சஸ் தெருவின் தகடு

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் பிரிம்லி குடும்பத்தின் வாசலில் நிற்பதுபோல்தான். எடித் தெரு மூத்த மகள். ஹோரஸ் தெரு மகன். மாட் தெரு மகனின் முதல் மனைவி. இரண்டாவது மனைவி வந்தபோது ஒரு சந்துதான் மிச்சம் இருந்தது. செங்கல் சூளை அவர்களுடையது, வீடுகள் அவர்களுடையவை, பெயர்களும் அவர்களுடையவை. நான் இருப்பது டச்சஸ் தெரு. டச்சஸ் அவர்கள் வீட்டுப் பெண் அல்ல. சூளைப் பள்ளத்தில் களிமண் வண்டி இழுத்த பெண் குதிரை.

1951 ஜூனில், மூன்று நாள் மழைக்குப் பிறகு, பள்ளத்தின் கிழக்குச் சுவர் சரிந்தது. குதிரை செத்தது. அதன் கடிவாளத்தைப் பிடித்திருந்த என் கணவர் கிளாரி டொனலனும் செத்தார். இருபத்தெட்டு வயது. அடுத்த வருடம் பெரியவர் பிரிம்லி எங்கள் தெருவுக்குக் குதிரையின் பெயரை வைத்தார். அன்றுமுதல் ஒவ்வொரு கடித உறையின் முதுகிலும் அந்தப் பெயரை எழுதுகிறேன். கிளாரியின் தாயாருக்கு அனுப்பிய கடிதங்களிலும் எழுதினேன்.

1988இல் நாடு, வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறிய இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. நகராட்சி தெருப் பலகைகளுக்குக் கீழே வரலாற்றுத் தகடுகளைப் பொருத்தியது. பக்கத்து வீட்டு டோட்டிதான் வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"மேவ், வெளிய வாடி. உன் குதிரைக்குப் பட்டயம் குடுத்திருக்காங்க."

'பிரிம்லி குடும்பத்தின் அன்புக் குதிரை டச்சஸ் நினைவாக. 1951 மண்சரிவில் உயிர்நீத்தது.'

"உயிர்நீத்துச்சாம்! எங்க மாமியாருக்குக்கூட பேப்பர்ல இப்படிப் போடல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டோட்டியின் கணவர் ரெஜ், சுவர் சரிந்த அன்று பள்ளத்தில் இருந்தவர். விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. அவரும் பிரிம்லிக்குச் சொந்தமான வீட்டில்தான் வாடகைக்குக் குடியிருந்தார். பத்து வருடம் கழித்து, என் சமையலறையில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார். சுவரில் விரிசலைக் கண்டதும் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்களாம். கிளாரியும் ஏறிவிட்டார். மேலே நின்ற பெரியவர், "டொனலன், என் குதிரையக் கொண்டா" என்றாராம். கிளாரி மறுபடி இறங்கினார்.

நேரே நகராட்சி அலுவலகம் போனேன். நெவில் என்ற எழுத்தர் இருந்தார். வரலாற்றுக் குழுவின் தலைவி ஃபிலிப்பா பிரிம்லியும் அங்கே இருந்தாள், பெரியவரின் பேத்தி.

"மிசஸ் டொனலன், அது தெருப்பேரோட வரலாறுங்க. செத்தவங்க பட்டியல் இல்ல" என்றார் நெவில்.

"குதிரை செத்தத மட்டும் போட்டிருக்கீங்களே?"

"அது... தெருவே அதும் பேர்லதானுங்களே."

ஃபிலிப்பா என் கையைத் தொட்டாள். "அந்தக் குதிரைக்காக எங்க தாத்தா ஒரு வாரம் சரியாச் சாப்பிடலையாம். வேணும்னா 'ஓட்டியவருடன்'னு ஒரு வார்த்தை சேத்துக்கலாம்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். "ஓட்டுனவருக்கும் பேர் இருந்துச்சும்மா. குதிரைக்கே இருக்கும்போது."

"தகட்டுல இடம் பத்தாதே, ஆன்ட்டி."

"'அன்பு'ங்கறத எடுத்துடு. இடம் வரும்."

அவள் முகம் சிவந்தது. குழுவில் பேசுவதாகச் சொன்னாள். ஆறு வாரம் காத்திருந்தேன். ஒரு வரி பதில் இல்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தெருவே பார்க்க, ஏணி வைத்து ஏறினேன். டோட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்து தொலைக்காத. உன் பேர்ல தெரு வைக்க இங்க எவனும் இல்ல" என்றாள். நான்கு திருகாணிகள். நான்காவது துருவேறாமலே இறுகியிருந்தது. அதற்குத்தான் நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை நெவில் தொலைபேசினார்.

"தகடு காணாமப் போச்சுங்க..."

"காணாமப் போகல. எங்க வீட்டு சலவைத் தொட்டிக்கு அடியில இருக்கு. கிளாரி டொனலன்னு போட்டுப் புதுசு கொண்டு வாங்க, குதிரைய வாங்கிட்டுப் போங்க."

"போலீஸ் வருவாங்க, மிசஸ் டொனலன்."

"வரட்டும். விலாசம் தெரியும்ல? டச்சஸ் தெரு, பதினேழு."

வந்தார்கள். ஒரு காவலர் சமையலறையில், ரெஜ் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். மூன்று நாள் மழையிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, கணவர் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

தகட்டைக் கொடுக்கவில்லை.