சல்லியன் இறங்கிய தேர்

சத்தியம் என்றால் சத்தியம்தான். செல்லக்கண்ணு அப்படி வளர்ந்த மனிதர். திரௌபதை அம்மன் கோயில் கூத்தில் கர்ண வேடம் யார் வீட்டுக்கு என்று சித்தப்பா மகன் வீரமணியோடு வழக்கு முற்றியபோது, அம்மன் வாசலில் இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். இனி ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒருவர் நிலத்தை மற்றவர் மிதிப்பதில்லை. மீறினவன் குடும்பத்தை அம்மன் கேட்பாள். வேடம் செல்லக்கண்ணுவிடம் நின்றது. இருவரின் புன்செய்க் காடும் மட்டும் ஒரே வரப்பில் ஒட்டிக் கிடந்தன.

கல்லங்குறிச்சிக்குத் தெற்கே, செல்லக்கண்ணு காட்டின் ஓரத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுப் போட்ட பழைய பள்ளம். கார்த்திகை மழையில் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. அடி யாருக்கும் தெரியாது.

அன்று காலை வீரமணி தன் மாட்டிடம் உரக்கச் சொன்னார்: "ஏ லட்சுமி, பள்ளத்து ஓரமா போயிடாத. விரிசல் வுட்டுக் கெடக்கு. பாரம் ஏத்துன வண்டி தாங்காது."

பேசாத பங்காளிகள் பேசிக்கொள்ளும் வழி அது. செல்லக்கண்ணுவுக்குப் புரிந்தது. தன் டிராக்டரைத் தட்டி, "எவன் புத்தியும் நமக்கு வேணாம்டா" என்றார்.

பொழுது சாயும் நேரம் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே ஓரமாக வந்தார். டிரெய்லரில் மனைவி ரெங்கம்மாள் இருந்தாள். பாதி வழியில் இடது பின்சக்கரம் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கியது. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. மூட்டைகள் சரிந்து ரெங்கம்மாளின் காலை அழுத்தின.

"என்னங்க, காலு மாட்டிக்கிச்சு!"

அவர் பிரேக்கை மிதித்தபடி உறைந்து உட்கார்ந்தார். காலை எடுத்தால் வண்டி போய்விடும். எடுக்காமல் அவளிடம் போக முடியாது. கட்டி கட்டியாக மண் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இருக்கை கொஞ்சம் தாழ்ந்தது.

வீரமணி ஓடிவந்து வரப்பிலேயே நின்றார்.

"அண்ணி, பிரேக்க வுட வேணாம்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க!"

"நீங்க வாங்க தம்பி!"

"மிதிக்க மாட்டேன்னு சூடம் அணைச்சிருக்கேன், அண்ணி. காட்டுக்காரரு கூப்பிடணும். ஒரு வார்த்த போதும்."

செல்லக்கண்ணுவின் வாய் திறக்கவில்லை. கூப்பிட்டால் சத்தியம் முறியும்; அம்மன் குடும்பத்தைக் கேட்பாள். கூப்பிடாவிட்டால் இந்தப் பள்ளம் கேட்கிறது. இரண்டு பக்கமும் ரெங்கம்மாள்தான்.

கூத்தில் அந்தக் கட்டம் அவருக்கு மனப்பாடம். கழுத்துக்கு வேண்டாம், மார்புக்குக் குறி வை என்பான் தேரோட்டி சல்லியன். வைத்த குறியை மாற்றமாட்டேன் என்று கர்ணன் மீசை முறுக்குவான். சல்லியன் கோபித்து இறங்கிப் போவான், விசில் பறக்கும். பிறகு சக்கரம் புதையும். கர்ணன் தனியாகத் தோள் கொடுப்பான்; பெண்கள் அழுவார்கள். அந்த அழுகையைத்தான் இத்தனை வருஷம் பெருமையாக வாங்கிக்கொண்டு வந்தார். தேரில் இன்னொரு ஆள் ஏன் இல்லை என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை.

"வாயத் தொறங்களேன்!" ரெங்கம்மாள் கத்தினாள். "நான் செத்த பொறவா கிரீடம் கட்டிக்கிட்டு ஆடப்போறீங்க?"

வண்டி ஒரு முறை குலுங்கியது.

"தம்பி," என்றார். மறுபடி அடிவயிற்றிலிருந்து கத்தினார். "தம்பி வீரமணி, வாடா! உங்கண்ணியத் தூக்குடா!"

வீரமணி ஒரே தாவில் வரப்பைத் தாண்டினார். டிரெய்லரில் ஏறி மூட்டைகளைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். ரெங்கம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் குதித்தார். அவளை மேட்டில் இறக்கிவிட்டு வந்து கையை நீட்டினார்.

"வுட்டுட்டுக் குதிங்கண்ணே!"

செல்லக்கண்ணு அந்தக் கையைப் பிடித்தார். பிரேக்கை விட்டார். டிராக்டரும் டிரெய்லரும் தண்ணீருக்குள் போயின. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றது.

ரெங்கம்மாள் தாலியைப் பிடித்துக்கொண்டாள். "மீறினா அம்மன் குடும்பத்தக் கேப்பாளே?"

"விடியட்டும். கிரீடத்த அவ காலடியில வெச்சுடறேன். கேக்குறத என்னையே கேக்கட்டும்னு சொல்றேன்."

"நானுந்தான் மிதிச்சேன்," என்றார் வீரமணி. "தனியா எதுக்குப் போறீங்க? நானும் வரேன்."

"விடிஞ்சதும் வந்துடுடா," என்றார் செல்லக்கண்ணு.